கொழும்பு மாநகரும் ட்ராம் வண்டியும்

கொழும்புப் புறக்கோட்டையிலே, கெய்மன்ஸ் கேட் என வழங்கும் சந்தியருகே, ஒல்லாந்தர் காலத்து மணிக்கூண்டு ஒன்று இன்றும் நிற்கின்றது. கெய்மன் என்பது முதலையைக் குறிக்கும் சொல். பழைய நகரின் மதிலைச் சூழ்ந்த நீர்நிலையில் முதலைகள் வாழ்ந்த காலத்தில், அவ்விடத்தில் நகர வாசல் ஒன்று இருந்தது. அதற்கு அண்மையில் 1873ஆம் ஆண்டிலே மாநகர சபைக்கு ஒரு மண்டபம் அமைந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், 1928இல், கறுவாத்தோட்டத்துப் பூங்காவுக்கு எதிரே, வெண்ணிறக் குவிமாடத்தோடு அச்சபைக்குப் புதிய மண்டபம் எழுந்தது. இவ்விரு மண்டபங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய இரண்டு மைல். ஒரு கோட்டைப் பட்டினம் மாநகரமாக வளர்ந்த கதையின் பெரும்பகுதி அத்தூரத்துள் அடங்கிக் கிடக்கின்றது. அத்தூரத்தைச் சாதாரண மக்கள் எவ்வாறு கடந்தனர் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

போர்த்துக்கேயர் அமைத்த கோட்டை 1656இல் ஒல்லாந்தர் கைக்கும், 1796இல் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. கைகள் மாறினும் மதில் நீங்கவில்லை. அம்மதிலை இடிக்கச் செய்தது பகைவர் படையன்று, வாணிபமே. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்திற்குக் கொண்டுவரும் நோக்குடன் புகையிரதப் பாதை அமைக்கப்பட்டு, 1864ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 27ஆந் திகதி முதற் புகையிரதம் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது. 1867இல் அப்பாதை கண்டியை எட்டியது. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அதே காலத்தில், 1869இற்கும் 1871இற்கும் இடையில், கோட்டை மதிலும் தகர்க்கப்பட்டது. பின்னர் 1875இல், வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, அலைகளைத் தடுக்கும் பேரணையின் வேலை தொடங்கி 1885இல் நிறைவுற்றது. அதுவரை காலித் துறைமுகத்தை நாடிய கப்பல்கள் கொழும்பை நாடலாயின. 1871இல் சுமார் ஓர் இலட்சமாக இருந்த கொழும்பின் சனத்தொகை, 1901இல் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியது.

மதில் வீழ்ந்ததும் நகரம் வெளியே பரந்தது. ஆனால் எல்லாரும் ஒரே வகையிற் பரந்து செல்லவில்லை. குதிரை வண்டி வைத்திருந்தோர் கோட்டையின் நெரிசலையும் புறக்கோட்டையின் இரைச்சலையும் விட்டகன்று, கொள்ளுப்பிட்டியிலும் கறுவாத்தோட்டத்திலும் மரநிழல் சூழ்ந்த பெருவீடுகளை அமைத்துக்கொண்டனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனும், பண்டசாலையில் தேயிலை பொதி செய்தவனும், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவனும் தொழிலுக்கு நடந்தே போகவேண்டியிருந்தது. ஆகவே அவர்கள் நடக்கக்கூடிய தூரத்துக்குள்ளேயே வாழ நேர்ந்தது. கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மருதானை, கொம்பனித்தெரு ஆகிய பகுதிகளில், ஒரே முற்றத்தையும் ஒரே தண்ணீர்க் குழாயையும் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட நெருங்கிய குடியிருப்புக்கள் பெருகின. அவற்றுக்குத் 'தோட்டம்' என்று பெயர். கறுவாத்தோட்டமும் தோட்டமே, இதுவும் தோட்டமே. ஒரே சொல் இரு வேறு வாழ்வைச் சுட்டியது.

இந்நிலையிலேதான் 1899ஆம் ஆண்டில் மின்சார ட்ராம் வண்டி கொழும்பு வீதிகளில் ஓடத் தொடங்கியது. கோட்டையிலிருந்து ஒரு பாதை கிராண்ட்பாசுக்கும், மற்றொன்று மருதானை வழியாகப் பொறளைக்கும் சென்றன. வீதியிற் பதித்த தண்டவாளத்தின்மேல் வண்டி உருளும். மேலே கட்டிய கம்பியிலிருந்து, வண்டியின் கூரையில் நாட்டிய கோல் மின்சாரத்தைப் பெற்றுக்கொடுக்கும். குதிரையுமில்லை, புகையுமில்லை. வீதியில் மாட்டு வண்டியும் ரிக்ஷாவுமே பெரும்பாலும் காணப்பட்ட அந்நாளில், இது புதுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

எனினும் புதுமையிலும் பெரிது அதன் பயன். குறித்த வழியில், குறித்த கட்டணத்திற்கு, இன்னார் இனியார் என்று பாராது ஏற்றிச்செல்லும் ஊர்தி அது. முன்னர்த் தொலைவாயிருந்த பொறளை, கோட்டையிலே கந்தோர் வேலை செய்பவனுக்கு அண்மையாயிற்று. ட்ராம் நின்ற சந்திகளிற் கடைகள் எழுந்தன. கடைகளுக்குப் பின்னே குடியிருப்புக்கள் எழுந்தன. 1905இல் புகையிரதம் காங்கேசன்துறைவரை ஓடத் தொடங்கியதும், உத்தியோகமும் கல்வியும் நாடி வடக்கிலிருந்து வந்தோரும் இப்பெருக்கத்தோடு கலந்தனர். மதிலை இடித்தது ஆட்சியாளர் ஆணை. மதிலுக்கு அப்பாலுள்ள நிலத்தை வண்டியில்லாதவனுக்கும் எட்டச் செய்தது ட்ராம் வண்டி.

பொதுமக்களின் வாழ்வு ஓர் ஊர்தியோடு இவ்வாறு பிணைந்துவிட்டால், அதனை ஓட்டுபவனின் துன்பமும் பொதுமக்களின் துன்பமாகிவிடும். இவ்வுண்மையை 1929ஆம் ஆண்டு புலப்படுத்தியது. ட்ராம் சேவை அந்நாளிலே தனியார் கம்பனி ஒன்றின் உடைமையாக இருந்தது. அதன் தொழிலாளர், ஏ. ஈ. குணசிங்க அவர்களின் தலைமையில் அவ்வாண்டின் தொடக்கத்தில் வேலைநிறுத்தம் செய்தனர். போராட்டம் நீண்டது. பெப்ரவரி மாதத்தில் மருதானைப் பொலிஸ் நிலையத்தின் முன் கூட்டம் கொதித்தெழ, துப்பாக்கிப் பிரயோகம் நிகழ்ந்து உயிர்கள் பல பலியாயின. அதே ஆண்டில் முதலாளிமார் தமக்கென ஒரு சம்மேளனம் அமைத்துக்கொண்டனர். குணசிங்கவின் சங்கத்தோடு உடன்படிக்கையும் செய்தனர். தொழிற்சங்கத்தை எதிர்த்தரப்பாக ஏற்று, எழுத்தில் ஒப்பந்தம் செய்யும் வழக்கம் இந்நாட்டிற் காலூன்றியது அவ்வாறே. நகரத் தெருவில் ஓடிய வண்டி தொழிலாளர் உரிமை வரலாற்றிலும் தடம் பதித்தது.

இதற்கிடையே நகரை ஒழுங்குற அமைக்கவேண்டும் என்னும் எண்ணமும் வலுப்பெற்றது. 1921இல் பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் கொழும்புக்கென ஒரு திட்டம் வரைந்தார். அவர் தமிழகத்துக்குப் புதியவரல்லர். 1915ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை மாகாணத்தில் மதுரை, தஞ்சாவூர் முதலான நகரங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர். தெருக்களிற் கால்நடையாகச் சென்று மக்களின் வாழ்க்கையை அறிந்தபின்பே எதையும் மாற்றவேண்டும் என்பது அவர் கொள்கை. நோயை ஆராயாமல் கத்தியை எடுக்கும் வைத்தியனை எவரும் நம்பார். நகரத்துக்கும் அதுவே நியாயம் என அவர் கருதினார். பின்னர் 1940இல் கிளிஃபோர்ட் ஹொலிடே என்பவரும், அத்தசாப்தத்தின் இறுதியில் இலண்டன் நகர்த் திட்டத்தாற் புகழ்பெற்ற பேட்ரிக் அபர்குரோம்பியும் தத்தம் திட்டங்களை வகுத்தனர். 1946இல் கொழும்பின் சனத்தொகை மூன்று இலட்சத்து அறுபதினாயிரத்தைக் கடந்துவிட்டது. ஆகவே றாகமை, ஹோமாகமை, இரத்மலானை ஆகிய இடங்களில் துணைநகரங்களை வளர்த்து நெரிசலைக் குறைக்கலாம் என்றார் அபர்குரோம்பி. எண்ணம் நன்று. ஆனால் துணைநகரில் வாழ்பவன் தாய்நகருக்கு விரைந்தும் மலிவாகவும் வந்துபோக இயலாவிடின், அத்துணைநகரம் படத்திலே மட்டும் நகரமாக இருக்கும்.

அவ்வாறு வந்துபோகும் வழியிலோ வேறு மாற்றங்கள் நிகழ்ந்துகொண்டிருந்தன. ஒரே வழியில் ஒருவரையொருவர் முந்தி ஓடிய தனியார் பஸ் வண்டிகளைக் கட்டுப்படுத்த 1942இல் உரிமச் சட்டம் வந்தது. 1944இல் மாநகர சபை ட்ராம் சேவையைப் பொறுப்பேற்றது. 1953இல் தண்டவாளம் வேண்டாத, ஆனால் மேற்கம்பியால் இயங்கும் ட்ரொலி பஸ் வண்டிகள் வந்தன. 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நாட்டின் பஸ் சேவைகள் யாவும் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் சேர்ந்தன. 1960இல் ட்ராம் வண்டி தன் கடைசி ஓட்டத்தை ஓடியது. 1964இல் ட்ரொலி பஸ்சும் நின்றது.

ட்ராமை நீக்கியவர்கள் அறியாமையினாற் செய்தார்கள் என்று கூறுவது நேர்மையாகாது. வண்டிகள் பழைமையடைந்திருந்தன. ஒடுங்கிய வீதியின் நடுவே தண்டவாளம் கிடக்க, மோட்டார் வாகனங்கள் பெருகப் பெருக இரண்டும் ஒன்றையொன்று தடுத்தன. பஸ்சுக்குத் தண்டவாளமும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், எவ்வீதியிலும் திருப்பலாம். உலகின் பெருநகரங்கள் பல அக்காலத்தில் இதே முடிவைத்தான் எடுத்தன. ஆயினும் ஒன்றை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. தண்டவாளம் என்பது வெறும் இரும்பன்று. இவ்வீதியில் இவ்வளவு இடம் பொதுமக்களுக்கு உரியது என்று நகரம் எழுதிக்கொடுத்த சாசனம் அது. அச்சாசனம் நீங்கியபின், அறுபது பேரைச் சுமக்கும் பஸ் வண்டியும் ஒருவரைச் சுமக்கும் மோட்டார் காரும் ஒரே வரிசையில் நிற்கலாயின. காரிலிருப்பவன் இழப்பது தன் நேரத்தை மட்டும். அவன் வரிசையை நீட்டுவதனால் அறுபது பேரும் தம் நேரத்தை இழக்கின்றனர்.

நகரம் பின்னும் கிழக்கே நகர்ந்தது. 1982இல், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பாராளுமன்றம் கோட்டே வாவியின் நடுவே திறக்கப்பட்டது. அரசாங்கக் கந்தோர்கள் பல பத்தரமுல்லையை அடைந்தன. மாலபேவரை வீடுகள் நெருங்கின. காலையும் மாலையும் அவ்வழியிற் செல்வோரின் துன்பத்தைத் தீர்க்க, கோட்டையிலிருந்து பொறளை வழியாக மாலபே நோக்கி, தூண்களின்மேல் இலகு புகையிரதப் பாதை அமைக்க யப்பானின் கடனுதவியுடன் திட்டம் வகுக்கப்பட்டது. 2020இல் அத்திட்டம் செலவு மிகுதி எனக் கூறிக் கைவிடப்பட்டது. கோட்டைக்கும் பொறளைக்கும் இடையே 1899இல் ஓடியதும் 1960இல் ஓய்ந்ததுமான ஒன்றை, அறுபது ஆண்டுகளின் பின் அதே நகரம் புதிய உருவில் மீண்டும் தேடியது என்பதைக் கவனிக்கவேண்டும்.

கல் மதிலை இடிக்க இரண்டொரு ஆண்டுகள் போதுமாயிருந்தன. ஆனால் தூரமும் ஒரு மதிலே. சொந்த வாகனம் உடையவனுக்கு அது தெரிவதில்லை. விடியுமுன் எழுந்து பஸ் தரிப்பிடத்தில் நிற்பவனுக்கு நாள்தோறும் தெரிகின்றது. கெய்மன்ஸ் கேட்டின் மணிக்கூண்டருகே இன்று மதிலுமில்லை, வாசலுமில்லை, முதலையுமில்லை. அங்கே மாலையில் வீடு திரும்பக் காத்து நிற்கும் மக்கள் மட்டும் இருக்கின்றனர். மாளிகைகளின் உயரத்தைக் கொண்டு மாநகரின் சிறப்பை அளப்பது எளிது. அம்மக்கள் வெளிச்சம் மங்குமுன் வீடு சேர்கின்றனரா என்று கேட்பதே மெய்யான அளவு.