தேரும் பாகனும்

சங்க இலக்கியத்து முல்லைத்திணைப் பாடல்களில், வினைமுடித்து மீளும் தலைவன் தன் தேர்ப்பாகனை விளித்துப் பேசுதல் ஒரு மரபு. தேர் தலைவனுடையது, எனினும் அதனைச் செலுத்துபவனுக்கும் பாட்டில் இடம் உண்டு. விரைந்து செலுத்துமாறு வேண்டப்படுபவன் அவனே. வந்து சேர்ந்தபின் திறம் கண்டு பாராட்டப்படுபவனும் அவனே. ஊர்தியின் வரலாறு அதனைச் செலுத்தியவர் வரலாறும் ஆகும் என்னும் உணர்வு தமிழர்க்குப் புதிதன்று. இந்த அளவுகோலைக் கொண்டு மோட்டார் அரும்பொருளகங்களை நோக்கினால், அவை காத்து வைத்திருப்பது எது, காக்கத் தவறியது எது என்பது புலனாகும்.

1886ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பொறியியலாளர் கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆயின், அவ்வண்டி நெடுவழி செல்லவல்லது என்பதை உலகுக்குக் காட்டியவர் அவர்தம் துணைவியார் பெர்த்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில் அவ்வம்மையார் தம் மைந்தர் இருவருடன் மான்ஹைம் நகரினின்று ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்தார். எரிபொருள் தீர்ந்தபோது வழியிலிருந்த மருந்துக்கடையில் வாங்கி ஊற்றிக்கொண்டார். படைத்தவர் ஒருவர், ஓட்டிக் காட்டியவர் இன்னொருவர்.

இங்கிலாந்திலோ, மோட்டார் வண்டிக்கு முன்னே ஓர் ஆள் நடந்து செல்ல வேண்டும் என்னும் சட்டம் 1896 வரை நிலவியது. அத்தளை நீங்கியதைக் கொண்டாட, அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள், மோட்டார் கழகம் ஒன்று லண்டனிலிருந்து கடற்கரை நகராகிய பிரைட்டனுக்கு ஒருநாள் பயணம் நடத்தியது. பழைய வண்டிகளைக் கொண்டு அப்பயணத்தை மீண்டும் நிகழ்த்தும் வழக்கம் 1927இல் தோன்றியது. பழைய வண்டிகளின்பால் எழுந்த இந்தப் பற்றே அரும்பொருளகங்களுக்கும் வித்தாயிற்று. 1952இல் மாண்டேகு பிரபு, மோட்டார் முன்னோடியாக விளங்கிய தம் தந்தையாரின் நினைவாகச் சில பழைய கார்களைப் பியூலி என்னும் ஊரிலுள்ள தம் மாளிகையில் காட்சிக்கு வைத்தார். அச்சிறு முயற்சி வளர்ந்து 1972இல் தேசிய மோட்டார் அரும்பொருளகமாக உருப்பெற்றது.

தமிழகத்தில் இத்தகைய பணியைச் செய்துள்ள நகரம் கோயம்புத்தூர். அவிநாசி சாலையில் அமைந்துள்ள ஜீடி கார் அரும்பொருளகம் பல நாட்டுக் கார்களைப் பேணி வைத்துள்ளது. அதன் பின்னணியில் நிற்பவர் அறிவியல் மேதை ஜி.டி. நாயுடு. 1893இல் பிறந்த அவர், இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளின் மீது கொண்ட ஆர்வத்தால், அதனை வாங்குதற்கு வேண்டிய பணத்தை உணவு விடுதியில் பணிபுரிந்து சேர்த்தார். 1920இல் ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே அதனை ஓட்டித் தொழில் தொடங்கினார். அந்த ஒற்றைப் பேருந்தே பின்னாளில் யு.எம்.எஸ். என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாயிற்று. ஓட்டுநர் ஒருவரின் வாழ்க்கையிலிருந்து கிளைத்த பெருமை கோவையின் அரும்பொருளகத்துக்கு உண்டு.

இனிப் பினாங்கை நோக்குவோம். 1965இல் ஃபார்குவார் தெருவில் திறக்கப்பட்ட பினாங்கு மாநில அரும்பொருளகத்தின் வளாகத்தில் ஒரு ரோல்ஸ் ராய்ஸ் கார் பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி 6-10-1951 அன்று ஃபிரேசர் மலைக்குச் செல்லும் வழியில், மறைந்திருந்தோரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானபோது பயணம் செய்த கார் அது. அவசரகாலக் கொடுமையை எந்த நூலினும் தெளிவாக அக்கார் உணர்த்தியது. கர்னியின் பெயரைப் பினாங்கின் கடற்கரைச் சாலையும் சுமந்து நிற்கிறது. ஆனால், அன்று அக்காரைச் செலுத்தியவர் பெயரைக் கேட்டால், வரலாறு கற்றவரும் தயங்குவர்.

பெரியோர் ஏறிய காருக்கே இந்நிலை என்றால், எளியோர் ஏறிய ஊர்திகளின் கதை என்ன? அதற்கு விடை ஜெலுத்தோங் சாலையில் உள்ளது. ஜார்ஜ் டவுனுக்குத் தெற்கே கிழக்குக் கரையை ஒட்டி அமைந்த இவ்வூர், உழைக்கும் மக்கள் நிறைந்த ஊர். பினாங்கில் 1906இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1925இல், தண்டவாளம் இன்றி மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று ஓடும் டிராலி பஸ் வந்தது. 1936இல் டிராம் விடைபெற, டிராலி பஸ் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. லண்டனில் ஓடிய ஈரடுக்கு வண்டிகள் சில 1950களில் விலைக்கு வாங்கப்பட்டு இத்தீவின் சாலைகளில் ஓடின. ஜெலுத்தோங் மக்களையும் நகரத்துக்குக் கொண்டுசேர்த்த அந்த டிராலி பஸ், 1961இல் நிறுத்தப்பட்டது.

இரும்பு எளிதில் மறைவதில்லை. 2004இல் பினாங்கு சாலையும் சூலியா தெருவும் சந்திக்குமிடத்தில் நடந்த சாலைப் பணியின்போது, மண்ணுக்குள் புதைந்து கிடந்த டிராம் தண்டவாளம் மீண்டும் வெளிப்பட்டது. மனித நினைவுக்கு அத்தகைய உறுதி இல்லை. வண்டி ஓட்டியவர், சீட்டுக் கிழித்தவர், பட்டறையில் பழுது பார்த்தவர், வெயிலில் கல்லும் தாரும் சுமந்து சாலை போட்டவர் ஆகியோரின் வாழ்க்கை எந்தக் கண்ணாடிப் பேழையிலும் இல்லை. மலாயாவில் சாலை போட்ட தொழிலாளருள் தமிழர் மிகப் பலர் என்பது யாவரும் அறிந்ததே. 1961இல் இருபது வயதினராய் இருந்தவர் இன்று எண்பதைக் கடந்தவர். அவர் மறைந்தால் அவர் கண்டதும் உடன் மறையும்.

ஆதலின், மோட்டார் கழகத்தார் ஆயினும் பள்ளி மாணவர் ஆயினும், அரும்பொருளகம் காணப் புறப்படும் நாளில் காரின் ஆண்டையும் குதிரைத்திறனையும் குறித்துக்கொள்வதோடு அமைதல் கூடாது. இதனைச் செலுத்தியவர் யார், இது ஓடிய சாலையைச் செப்பனிட்டவர் யார் என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவை மாணவர் உள்ளத்தில் எழுப்புதல் தமிழாசிரியர்க்கு எளிது. முல்லைப் பாட்டின் பாகனிடமிருந்து அவர்கள் தொடங்கலாம். பின்னர் மாணவர் தத்தம் வீட்டு முதியோரிடம் கேட்டு, அவர்கள் ஏறிய பேருந்தையும் செய்த வேலையையும் பெற்ற கூலியையும் ஏட்டில் எழுதி வரட்டும். பெரிய கட்டடமும் பெரும்பொருளும் இன்றியே ஜெலுத்தோங்கில் ஓர் அரும்பொருளகம் அவ்வாறு தொடங்கிவிடும். அதற்குரிய காலம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.