நான்காவது அச்சம்

அச்சச் சுவை தமிழர்க்குப் புதியதன்று. மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர், அச்சத்தையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அது பிறக்கும் இடங்கள் நான்கு எனவும் காட்டினார். பேயும் தெய்வமுமாகிய அணங்கு முதலாவது, கொடுவிலங்கு இரண்டாவது, கள்வர் மூன்றாவது, நம்மை ஆளும் தலைவர் நான்காவது. பேய்க்கு அஞ்சுவதையும் ஆள்வோர்க்கு அஞ்சுவதையும் ஒரே நூற்பாவில் வைத்த நுட்பம் எண்ணி மகிழத்தக்கது. மேலைநாட்டார் ‘கோதிக்’ என வழங்கும் கலைவகை, இவ்விரு அச்சங்களையும் ஒன்றாகப் பிணைத்து வளர்ந்ததேயாகும்.

1764-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஹொரேஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ராண்டோ கோட்டை’ என்னும் கதையை அவ்வகையின் தொடக்கம் என்பர். பாட்டன் செய்த அநீதி பேரனைப் பற்றி வருத்துவதே அதன் கரு. 1897-இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’விலும் குடிகளின் குருதியைக் குடிப்பவன் ஏழையல்லன், கோட்டையில் வாழும் பிரபு. அக்கதையை உரிமை பெறாமலே ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் 1922-இல் ‘நாஸ்பெராட்டு’ என்னும் ஊமைப்படமாக்கினார். ஸ்டோக்கரின் மனைவியார் வழக்குத் தொடுத்தார். படத்தின் படிகளை அழித்துவிடுமாறு 1925-இல் தீர்ப்பாயிற்று. ஆயினும் சில படிகள் அழியாது எஞ்சின. அவற்றைக் கொண்டு செப்பனிடப்பட்ட படத்தை இன்று உலகெங்கும் மக்கள் தம் இல்லங்களிலேயே காண்கின்றனர்.

இந்திய மண்ணில் இவ்வகைக்கு வழிவகுத்தது 1949-இல் கமால் அம்ரோஹி இயக்கிய ‘மஹல்’ என்னும் இந்திப் படம். பாழடைந்த மாளிகை, முற்பிறவி நினைவு, இருளில் ஒலிக்கும் பாடல் ஆகியவற்றை அது நிலைநிறுத்தியது. அதற்கு ஒளிப்பதிவு செய்தவர் ஜோசப் விர்ஷிங் என்னும் ஜெர்மானியர். நிழலைக் கதைமாந்தராக ஆக்கும் கலை அவர்வழி நம் நாட்டுக்கு வந்தது எனலாம்.

தமிழில் அக்கலையின் நன்மலர், 1963-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சம் மறப்பதில்லை’. கன்னடத் திரையிலும் புகழ்பெற்ற கல்யாண் குமார், தேவிகா, நம்பியார் ஆகியோர் நடித்தனர். விசுவநாதன் – இராமமூர்த்தி இசையமைத்தனர். ஒளிப்பதிவு வின்சென்ட், அவரே மறு ஆண்டில் மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ என்னும் பேய்ப்படத்தை இயக்கினார். ஜமீன்தார் மகன் ஏழைப் பெண்ணொருத்தியைக் காதலிக்கிறான். குலப்பெருமை அக்காதலை அழிக்கிறது. காதலர் மறுபிறவியில் சந்திக்கின்றனர். ஆனால் ஜமீன்தாரோ இறக்கவேயில்லை! நூறாண்டு கடந்த கிழவராய், பழைய பகை சற்றும் குன்றாமல் காத்திருக்கிறார்.

இங்கேதான் இப்படத்தின் பெருமை விளங்குகிறது. இதில் நம்மை நடுங்க வைப்பது செத்தவர் ஆவியன்று. உயிரோடிருக்கும் ஆண்டையின் ஆணவம். தொல்காப்பியர் சொன்ன நான்காவது அச்சத்தை நம்பியாரின் நடுங்கும் கைகளில் நாம் காண்கிறோம்.

இதனை உணர ஊரிகத்தில் வாழும் நமக்கு உரை வேண்டுவதில்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இத்தங்கவயலில் கால் வைத்தனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் நம் முன்னோர் வந்து பாறை பிளந்தனர். துரைமார்க்கு ஓடு வேய்ந்த பங்களாவும் தோட்டமும் அமைந்தன. உழைத்தவர்க்கு லைன் வீடுகள் அமைந்தன. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கப் பொறிகளை இயக்கவே அது வந்தது. சாம்பியன் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்தது. பாறை வெடித்து உள்ளே மடிந்தோர் பலர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று புதர் மண்டிய பழைய பங்களாவைப் பார்த்துச் சிறுவர் பேய்வீடு என்கின்றனர். அவர்கள் பாட்டனாரோ, அவ்வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட காலத்தை நினைக்கின்றனர். இருவர் அச்சமும் ஒன்றல்ல, பின்னதே வரலாறு.

ஆதலின் இத்தகைய படங்கள் நம் வீடுகளுக்குள் வருதல் நன்று. ஆனால் எவ்வாறு வருகின்றன என்பதையும் நோக்க வேண்டும். 1980-களில் டெக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் ஓரிரவு வாடகைக்கு எடுத்து, தெருவே கூடிப் படம் பார்த்தது. அக்காலக் கேசட்டுகள் பல, படியிலிருந்து எடுத்த படி. ஒவ்வொரு படியெடுப்பிலும் கருமை சாம்பலாகும். வேறு படமானால் பொறுக்கலாம். இருளையே உயிராகக் கொண்ட படத்தில் இருள் வெளுத்தால் எஞ்சுவது என்ன? அலுவலகக் கோப்புகளோடு வாழும் எம்மனோர் இதனை எளிதில் அறிவோம்: படி மங்கினால் மூலத்தைத்தான் தேட வேண்டும்.

மூலமோ நெடுங்காலம் காத்திராது. படச்சுருளின் அசிட்டேட் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து காடி வாடை வீசும், சுருங்கிச் சுருளும், பின்பு மீட்சியில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தோன்றியதே 1964-இல்தான். அதற்குள் இழந்தவை எண்ணற்றவை. வேலூர் நடராச முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ படத்தின் படியும் கிடைத்திலது.

ஆகவே பழம்படத்தை வீட்டுத் திரைக்கு மறுவெளியீடு செய்வோர்க்கு மூன்று கடமைகள் உண்டு. கிடைக்கும் நெகட்டிவிலிருந்தோ சிறந்த படியிலிருந்தோ எடுத்தல் வேண்டும். பாடலையோ காட்சியையோ நீளங்கருதி வெட்டலாகாது. உழைத்த கலைஞர் பெயர்ப்பட்டியல் முழுமையாக இடம்பெறல் வேண்டும். பார்க்கும் குடும்பத்துக்கும் ஒரு கடமை உண்டு. பிழைப்பை நாடி நம் பிள்ளைகள் நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறுகின்றனர். முன்னோர் கதை கேட்க அவர்க்கு நேரமில்லை. இத்தகைய படம் ஓடும் ஒரு மாலையில் முதியோர் அருகிருந்தால், “தாத்தா, பேய் உண்டா?” என்று பேரன் கேட்பான். அதற்கு விடை சொல்லிவிட்டு, ஜமீன்தாரைக் கண்டு ஊரே ஏன் நடுங்கிற்று என்பதையும், நாம் எப்படி நிமிர்ந்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்வோமாக.