படமும் இசைவும்: ஒரு சட்டத்தின் வரலாறு

ஒருவரது அந்தரங்கப் படத்தை அவரது இசைவின்றிப் பரப்புவது குற்றம் என்னும் கருத்து நமது நாட்டுச் சட்டநூலில் மிகப் பிந்தியே இடம்பெற்றது. அதற்குமுன் இருந்தது ஆபாசத்தைப் பற்றிய சட்டமே. அதன் அளவுகோல் பிறந்த வரலாறு திருச்சபைச் சரித்திரம் பயில்வோர்க்குப் புதுமையாகத் தோன்றலாம். இங்கிலாந்தில் ஹென்றி ஸ்காட் என்பவர் ரோமச் சபையின் பாவசங்கீர்த்தன முறையைச் சாடும் துண்டுநூலொன்றை விற்றுவந்தார். சீர்திருத்தச் சபையின்மேல் கொண்ட ஆர்வமே அவரைத் தூண்டிற்று. எனினும், நோக்கம் எதுவாயினும் வாசிப்போர் மனத்தைக் கெடுக்கும் இயல்பு அந்நூலுக்கு உண்டா என்பதே கேள்வி என 1868இல் தலைமை நீதிபதி காக்பர்ன் தீர்ப்பளித்தார். ஹிக்லின் அளவுகோல் எனப்பட்ட இதனை நமது உச்ச நீதிமன்றம் 1964இல் ஏற்றது, 2014இல்தான் கைவிட்டது.

இவ்வளவுகோலின்முன் நிற்போர் விற்பவரும் வாசிப்பவருமே. படத்திலுள்ளவர் எங்கும் இல்லை. இருந்தாலும் அழுக்கின் ஒரு பகுதியாகவே எண்ணப்பட்டார். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவும் இவ்வடித்தளத்தின்மீதே எழுந்தது.

2008இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட 66இ பிரிவு முதன்முறையாக இசைவைக் கேள்வியாக்கியது. டெல்லிக் கொடுமைக்குப்பின் வர்மா குழு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி பிரிவு இடம்பெற்றது. அதன் இரண்டாம் விளக்கம் நின்று நோக்கத்தக்கது. படமெடுக்க ஒரு பெண் இசைந்திருப்பினும், அதைப் பிறருக்குப் பரப்ப அவள் இசையாதிருந்தால், பரப்புதல் குற்றமே. நம் சபைகளில் இத்தகைய துயரோடு ஒரு பெண் வரும்போது, “படமெடுக்க ஏன் இடங்கொடுத்தாய்?” என்பதே பெரும்பாலும் முதற்கேள்வி. சட்டம் அக்கேள்வியைக் கடந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. நாமோ காக்பர்ன் காலத்திலேயே நிற்கிறோம் என்று சொல்வது மிகையன்று.

2024 ஜூலை 1 முதல் அப்பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவாயிற்று. ஆயினும் அது உண்மையாக நிகழ்ந்த செயலின் படத்தையே மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. ஒருவரது முகத்தைப் பிறிதோர் உடலோடு பொருத்தும் பொய்ப்படத்துக்கு அது நேராகப் பொருந்துவதில்லை. இக்குறையை ஓரளவு நிரப்பியவை 2021ஆம் ஆண்டு விதிகள். செயற்கையாக உருமாற்றப்பட்ட படத்தைப் பற்றி முறையீடு வந்தால், அதைத் தாங்கிநிற்கும் இணைய நிறுவனம் 24 மணி நேரத்துக்குள் நீக்க நடவடிக்கை எடுக்கவேண்டும் என அவை அன்று விதித்தன. பாதிக்கப்பட்டவரே முறையிடவேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. அவர் சார்பில் வேறொருவரும், அவருடைய ஆயரும்கூட, முறையிடலாம்.