புதிய முயலினம்: உருவாக்கமும் கண்காட்சியும்

வீட்டு முயலில் புதிய இனம் என்பது, தாய் தந்தையின் நிறம், முடி, உடலமைப்பு, எடை ஆகியவை குட்டிகளிலும் பேரக்குட்டிகளிலும் மாறாமல் வருமாறு பல தலைமுறை பொறுக்கியெடுத்து நிலைப்படுத்தப்பட்ட முயல் வகை. அதை வளர்ப்போர் அமைப்பு ஒன்று ஆராய்ந்து, தன் தர வரையறையில் ஏற்றிய பிறகே இனம் என்ற பெயர் அதற்கு உறுதியாகும். இரண்டு இனங்களைச் சேர்த்தவுடன் கிடைப்பது கலப்பினம் மட்டுமே. புதுச்சேரியிலும் சுற்றியுள்ள தமிழ்நாட்டுச் சமவெளியிலும் கூண்டுகளில் வளர்பவற்றில் பெரும்பங்கு இத்தகைய கலப்பினங்கள். அவற்றின் முன்னோரில் முக்கியமான ஒன்றான சின்சில்லா, புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்தில், பிரான்சிலேயே உருவாகி முதன்முதலாக மேடையேறியது.

நம் வயல்வெளிகளில் துள்ளி ஓடும் முயலுக்கும் வீட்டு முயலுக்கும் நெருங்கிய இனத்தொடர்பு இல்லை. நம்முடையது கருங்கழுத்து முயல்; அதன் குரோமோசோம்கள் 48. வீட்டு முயல் ஐபீரியத் தீபகற்பத்தின் காட்டு முயலிலிருந்து வந்தது, அதற்கு 44. இரண்டும் சேர்ந்து குட்டி ஈனுவதில்லை. ஆகவே “காட்டு முயலோடு சேர்த்த ஜாதி” என்று சொல்லி விற்கப்படுவதை நம்ப வேண்டியதில்லை. கருங்கழுத்து முயலைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

புதிய இனம் எப்படி உருவாகிறது என்பதை அறிய ரெக்ஸ் முயலின் வரலாற்றைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 1919இல் பிரான்சின் சார்த் மாவட்டத்திலுள்ள லூஷே பிரேன்ழே கிராமத்தில், தெசிரே கயோன் என்ற விவசாயியின் சாதாரண முயல்களுக்கு விநோதமான குட்டிகள் பிறந்தன. மேல்முடி நீண்டு வளராமல், அடிமுடியின் அளவிலேயே நின்று, உடல் முழுதும் வெல்வெட்டுத் துணியைத் தொடுவது போலிருந்தது. வேறொருவர் நோய்க்குட்டி என்று ஒதுக்கியிருக்கக்கூடும். அருகில் வாழ்ந்த பாதிரியார் அமெதே ழிலே அவற்றின் மதிப்பை உணர்ந்து வாங்கி, தங்களுக்குள்ளேயும் பிற முயல்களோடும் சேர்த்துப் பெருக்கினார். தொடக்கத்தில் அவை நோஞ்சானாக இருந்தன. சிலவற்றுக்கு உடலில் ஆங்காங்கே முடியே இல்லை. ஐந்தாண்டு உழைப்புக்குப் பிறகு, 1924இல் பாரிஸ் கண்காட்சியில் காஸ்டோர்ரெக்ஸ் என்ற பெயரில் அவை வைக்கப்பட்டன. இன்று உலகெங்கும் அந்த இனம் பரவியிருக்கிறது. அந்த வெல்வெட்டு முடிக்குக் காரணமான மரபணு மாற்றத்தையும் பிற்காலத்தில் பிரெஞ்சு ஆய்வாளர்களே கண்டறிந்தார்கள்.

நார்மண்டியில் எஜெனி பெர்னார் என்ற பெண்மணியின் முயற்சி வேறு வகை. கறுப்புக் கண்களும் தூய வெள்ளை உடலும் கொண்ட முயலை மனத்தில் வைத்துக்கொண்டு 1902இல் தொடங்கினார். புள்ளி முயல்களை வெள்ளை முயல்களோடு சேர்த்துப் பார்த்தது பலிக்கவில்லை. பிறகு புள்ளி முயல்களிலேயே புள்ளி குறைந்தவற்றை ஒவ்வொரு தலைமுறையிலும் பொறுக்கிக்கொண்டே போனார். பிளான் தெ ஒத்தோ என்ற அந்த இனத்துக்குப் பிரான்சில் 1922இல் அங்கீகாரம் கிடைத்தது. ரெக்ஸ் தற்செயலாகக் கிடைத்த கொடை; ஒத்தோ மனத்தில் கண்ட உருவத்தைத் துரத்திப் பிடித்த சாதனை. இருபதாண்டுப் பொறுமையை நினைத்தால் இரண்டாவதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்தியாவோடு நேரடித் தொடர்புள்ளது மூன்றாவது இனம், சின்சில்லா. திபோவ்ஸ்கி என்ற பொறியாளர் ஐரோப்பியக் காட்டு முயலோடு நீல பெவரன், ஹிமாலயன் ஆகிய வீட்டு இனங்களைச் சேர்த்து உருவாக்கியதாகச் சொல்லப்படும் இது, 1913இல் பாரிஸை அடுத்த சேன் மோரில் காட்சிக்கு வந்தது. அதன் முதுகு முடியை ஒதுக்கி வாயால் ஊதினால் ஒரு சிறு குழி திறக்கும். தோலையொட்டிக் கருநீலச் சாம்பல், அதற்கு மேல் முத்து வெள்ளை, நுனியில் கறுப்பு என்று வட்டம் வட்டமாகத் தெரியும். நடுவர்கள் இப்படித்தான் ஊதிப் பார்க்கிறார்கள். வளையங்களின் எல்லை கலங்கியிருந்தாலும் பழுப்பு தட்டினாலும் மதிப்பெண் குறையும். சோவியத் ஒன்றியத்தில் இந்தச் சின்சில்லாவை வெள்ளை ஜெயண்ட் இனத்தோடு சேர்த்துப் பெரிய உடலுள்ள சோவியத் சின்சில்லாவை உருவாக்கினார்கள். 1970களின் இறுதியில் இந்தியாவுக்கு இறைச்சி முயல்கள் இறக்குமதியானபோது வந்தவற்றுள் அதுவும் ஒன்று.

இரண்டு குணங்களை ஓர் உடலில் சேர்ப்பதற்கான கணக்கு எளிது, ஆனால் கூண்டு நிறைய வேண்டும். காட்டுமுயல் நிறமுள்ள ரெக்ஸையும் சின்சில்லாவையும் சேர்த்தால், முதல் தலைமுறைக் குட்டிகள் அனைத்தும் சாதாரண முடியோடு காட்டுமுயல் நிறத்திலேயே பிறக்கும். ரெக்ஸ் முடி, சின்சில்லா நிறம் இரண்டும் ஒடுங்கு குணங்கள் என்பதே காரணம். புதிதாக வளர்ப்பவர் இந்த இடத்தில் சோர்ந்துபோய்க் குட்டிகளை விற்றுவிடுகிறார். அண்ணன் தங்கைகளைச் சேர்த்தால் இரண்டாம் தலைமுறையில் பதினாறில் ஒன்று வெல்வெட்டு முடிச் சின்சில்லாவாக வரும். ஓர் ஈத்துக்கு ஆறு முதல் எட்டுக் குட்டி என்று வைத்தால், சராசரியாக இரண்டு மூன்று ஈத்தில் ஒரு குட்டி. சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். குட்டி பருவமடைய ஐந்தாறு மாதம். ஆண்டுக்கு இரண்டு தலைமுறை பார்ப்பதே கடினம். அண்ணன் தங்கைச் சேர்க்கையைத் தொடர்ந்தால் ஈத்தளவு குறைந்து குட்டிகள் நலியும் என்பதால், உறவில்லாத மூன்று நான்கு வரிசைகளைத் தனித்தனியே வைத்து, காதில் பச்சைகுத்தி, ஏட்டில் எழுதி வர வேண்டும். ஏடில்லாத பண்ணையிலிருந்து இனம் பிறக்காது.

கண்காட்சியில் தர வரையறை 100 மதிப்பெண்ணுக்கு அமைகிறது. உடற்கட்டு, முடி, நிறம், தலை, காது, எடை என்று பிரித்துத் தருகிறார்கள். முயலை மேசையில் அமர்த்தி, முதுகிலிருந்து தொடை வரை கையால் அழுத்திச் சதையை அளப்பார் நடுவர். புரட்டிப் பற்கள், கால்நகம், உள்ளங்கால் புண் பார்ப்பார். முன்பற்கள் மேல்கீழ் சரியாகப் பொருந்தாவிட்டால் வேறெந்த அழகும் கணக்கில் வராது. புதிய இனத்துக்குச் சோதனை இன்னும் கடுமை. அமெரிக்க வளர்ப்போர் சங்கத்தில், வரையறையை எழுதிக் கொடுத்தவர் பல ஆண்டு மாநாடுகளில் வெவ்வேறு வயது ஆண், பெண் முயல்களைக் கொண்டுவந்து, எல்லாம் ஒரே அச்சில் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். ஜார்ஜ் வெஸ்ட் 1923இல் தொடங்கிய கலிபோர்னியன் இனம் 1928இல் காட்சிக்கு வந்தும், தர வரையறை 1939இல்தான் ஏற்கப்பட்டது.

தமிழ்நாட்டில் முயலின வளர்ப்பு வேலைக்கு இரண்டு மலை நிலையங்கள் முக்கிய ஆதாரம். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம், நீலகிரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சாண்டிநல்லா நிலையம். வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முதலியவற்றை இவை பேணி, விவசாயிகளுக்குக் கொடுத்து வந்திருக்கின்றன. ஹைதராபாத்தில் ஆந்திர வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தோடு கறுப்பு, பழுப்பு, வெள்ளை என மூன்று வகைகள் உருவாயின. நாட்டின் கால்நடை இனங்களைப் பதிவு செய்யும் கர்னால் மரபுவளப் பணியகத்தின் பட்டியலில் மாடு, ஆடு, கோழி, வாத்து, நாய் வரை உண்டு, முயலினம் இல்லை. புதுச்சேரி குரும்பாபேட்டில் 1994இல் கல்லூரியாகத் தொடங்கிய ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமும், அதே ஊரில் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. கடற்கரை வெயிலில் பொறுக்கியெடுத்த முயல் வரிசைக்கு இவற்றைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. மலைக்குளிரில் சிறந்தது கரையில் சிறக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

முயலுக்கு இதமான வெப்பம் 15 முதல் 25 டிகிரி. வியர்வையால் உடலைக் குளிர்விக்க அதற்கு வழியில்லை. காதின் ரத்தக்குழாய்களே வெப்பத்தை வெளியேற்றுகின்றன. கீற்றுக் கொட்டகையும் ஈரச் சாக்கும், வேலிமசால், முயல் மசால் போன்ற பசுந்தீவனமும் ஓரளவு காக்கும். ஆனால் பிறநாட்டு வரையறையைக் கரையில் அப்படியே வைத்து மதிப்பிடுவது பிழையாகும். கலிபோர்னியனின் காது, மூக்கு, கால், வால் ஆகியவற்றின் கறுப்பு, உடலின் குளிர்ந்த பகுதிகளில் மட்டும் வேலை செய்யும் நொதியால் வருவது. வெயில் காலத்தில் அது வெளிறிப்போகும். முயலிடம் குறையில்லை.

காட்சிக்கான நாட்காட்டியையும் வெயிலே முடிவு செய்கிறது. கத்திரி வெயிலில் ஆண் முயலின் விந்துத்தரம் விழுந்துவிடும். புதிய விந்தணு முதிர ஏறத்தாழ ஏழு வாரம் ஆகும். எனவே ஆடியில் இணை சேர்த்தால்தான் நம்பிக்கையாகச் சினை நிற்கும், ஆவணியில் குட்டி ஈனும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகை ஈரமானால் சொறியும் ரத்தக் கழிச்சலும் தாக்கும் என்பதால் கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி, அடியில் தினமும் கூட்டிவிட வேண்டும். அவ்வாறு காப்பாற்றிய குட்டிகள் மாசியில் ஆறு மாத வளர்ச்சியோடு, முடி நிறைந்து நிற்கும். புதுச்சேரியில் பெரும்பாலும் பிப்ரவரியையொட்டி நடக்கும் மலர், காய், கனிக் கண்காட்சியும் அந்தப் பருவத்தில்தான் வருகிறது; முயல்களை மேசையேற்றவும் கரையோரத்தில் அதுவே ஏற்ற காலம்.