அக்டோபர் 4: பஞ்சு படிந்த தாள்

திருப்பூர் பக்கம் மங்கலத்தில் தறிக்குடோனுக்குள் நுழைந்தால் சுவரில் ஒரு தினசரி காலண்டர் தொங்கும். நூல் வியாபாரியோ ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரோ வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. நாலு நாள் கிழிக்காமல் விட்டால் பஞ்சு படிந்து தேதியே வெளுத்துப்போகும். ராகு காலத்துக்குக் கீழே மிச்சமிருக்கும் வெள்ளை இடத்தில் பால்பாயின்ட் பேனாவில் கணக்கு இருக்கும்: எந்தத் தறிக்குப் பாவு ஏற்றியது, எத்தனை மீட்டர் இறங்கியது, யாருக்கு எவ்வளவு முன்பணம்.

2022-இல் அக்டோபர் 4, செவ்வாய்க்கிழமை, ஆயுத பூஜை. ஊரில் தறிச் சத்தம் ஓய்ந்த நாள். எப்போதும் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே பழகியவர்கள் நாங்கள். தறி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கத்திக்கொண்டுதான் இருப்போம். தறிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தபோது குடோன்காரர் காலண்டரைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்ணா, இன்னைக்குக் குமரன் பொறந்த நாளுங்களா, எறந்த நாளுங்களா?"

பிறந்த நாள். இறந்தது ஜனவரி 11. திருப்பூரில் குமரன் ரோட்டில் தினமும் போய் வருகிற நமக்கே இந்தக் குழப்பம் உண்டு. அதில் தப்பில்லை. அவரை நாம் அறிந்ததே அவர் சாவின் வழியாகத்தான்.

1904 அக்டோபர் 4-இல் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா நாச்சிமுத்து, அம்மா கருப்பாயி. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. கைத்தறியில் வயிறு நிறையாததால் திருப்பூருக்கு வந்து, பஞ்சு மில்லில் எடை போடும் வேலையில் சேர்ந்தார். இந்த 'எடை போடும் வேலை' என்ற மூன்று சொற்களைப் பாடப் புத்தகங்கள் சட்டென்று தாண்டிவிடும். நான் அங்கேயே நின்றுவிடுவேன். பஞ்சு வாங்குமிடத்தில் எடை போடுகிறவன் வியாபாரிக்கும் விவசாயிக்கும் நடுவே நிற்கிறவன். இன்றைக்கும் நூல் பை வந்து இறங்கினால் எங்கள் கண் முதலில் தராசுமேல்தான் போகும். கூலி, கழிவு, சண்டை எல்லாமே அதிலிருந்துதான் தொடங்கும்.

அப்போது திருப்பூர் கதர் ஊர். அந்த ஊரில் தேசபந்து இளைஞர் மன்றம் என்று ஒன்றை அமைத்து இளைஞர்களைத் திரட்டிக்கொண்டிருந்தார் குமரன். 1932 ஜனவரி 4-இல் காந்தி கைதானார். அதைக் கண்டித்து 10-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பி.எஸ். சுந்தரம் தலைமையில் தடையை மீறி ஊர்வலம் கிளம்பியது. போலீஸ் தடியடியில் குமரனின் தலை பிளந்தது. விழுந்தபோதும் கையில் கொடி இருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. வயது 27.

அதே அக்டோபர் 4-க்கு இன்னொருவரும் உரியவர். 1884-இல் வத்தலகுண்டில் பிறந்த சுப்பிரமணிய சிவா. மேடையில் நின்றால் கூட்டத்தைக் கட்டிப் போடும் பேச்சு. 1908 தொடக்கத்தில் தூத்துக்குடிக்கு வந்து வ.உ.சி.யோடு சேர்ந்தார். ஹார்வி கம்பெனியின் கோரல் மில்லில் கூலி குறைவு, வார விடுமுறை கிடையாது. பிப்ரவரி 27-இல் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. இந்த வெற்றியை வெள்ளைக்கார அரசு மறக்கவில்லை. மார்ச் 12-இல் இருவரும் கைது. சிவாவுக்குப் பத்தாண்டு தீவாந்தரம், மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைந்தது. வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே கொடுத்த தண்டனையில் ஒரு பாதி, ராஜத் துரோகப் பேச்சுக்கு. மறு பாதி, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு! அந்தத் தண்டனையில்தான் கோவை சிறையில் செக்கிழுத்தார்.

சிவா 1912-இல் வெளியே வரும்போது உடம்பில் தொழுநோய் இருந்தது. தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்றார்கள். நடந்தார், கட்டை வண்டியில் போனார், ஊர் ஊராகப் பேசினார். 1925 ஜூலை 23-இல் தர்மபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியில் கண்மூடினார். அப்போது குமரனுக்கு 20 வயது.

ஒருவர் மில் வாசலில் பேசியவர், இன்னொருவர் மில்லுக்குள் தராசு பிடித்தவர். "ஒரே நாளில் பிறந்த இரு தியாகிகள்" என்று ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தத் தேதிப் பொருத்தம் பெரிதாகத் தெரிவதில்லை. இருவரையும் சேர்த்தது பஞ்சும் அதைத் தொட்டவர்களின் கூலியும்தான். தேதியைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அந்தப் பொருத்தம் அப்படியே உதிர்கிறது.

இந்த இங்கிலீஷ் காலண்டரின் கதையே அக்டோபர் 4-இல்தான் தொடங்குகிறது. பழைய கணக்கு சூரியனைவிடப் பத்து நாள் பிந்திப்போனதால், போப் பதின்மூன்றாம் கிரிகோரி திருத்தம் கொண்டுவந்தார். 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமை இரவு படுத்த இத்தாலிக்காரர், காலையில் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமையில் எழுந்தார். ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்திலும் அப்படியே. இங்கிலாந்து 1752 வரை முறுக்கிக்கொண்டிருந்து பிறகு இறங்கிவந்தது. (வாரக் கூலி வாங்குகிறவர்கள் அந்தப் பத்து நாளுக்கு என்ன செய்திருப்பார்கள் என்பது என் கவலை.)

அந்தத் திருத்தத்தில் ஒரு விதி: நூறால் வகுபடும் வருஷம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப் வருஷம். அதனால் 1900-க்கு பிப்ரவரி 29 கிடையாது. நம் பஞ்சாங்கத்துக்கு அந்த விதி தெரியாது, அது சூரியன் ராசி மாறுவதைப் பார்த்து மாதத்தைத் தொடங்கும். சிவா பிறந்தது தாரண வருஷப் புரட்டாசி, குமரன் பிறந்தது குரோதி வருஷப் புரட்டாசி. நடுவில் 1900-இல் ஒரு நாள் விழுந்துபோனதால் புரட்டாசித் தேதி இருவருக்கும் ஒன்றாக வராது. பாட்டிகள் கணக்கில் இவர்கள் ஒரே நாளில் பிறந்தவர்களே இல்லை.

திதியும் ஒட்டவில்லை. சிவா பிறந்தது பௌர்ணமியில். அன்றிரவு, நம் கணக்கில் விடியப்போகும் நேரத்தில், முழு சந்திர கிரகணம். முந்தின வருஷம் வெடித்த கிரகடோவா எரிமலையின் தூசு வானத்தில் இருந்ததால், நிலா வழக்கமான செம்புச் சிவப்பு கூடக் காட்டாமல் அப்படியே கறுத்துப்போனது. குமரன் பிறந்ததோ தேய்பிறையில், மகாளய பட்சத்தில்.

உலகம் கொண்டாடும் இன்னொரு அக்டோபர் 4-ம் உண்டு. 1957-இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. 83.6 கிலோ, 58 சென்டிமீட்டர் உருண்டை, நாலு ஆன்டெனா. 96 நிமிஷத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றியது. ஆனால் ராக்கெட் கிளம்பியபோது மங்கலத்தில் மணி இரவு ஒன்றை நெருங்கிவிட்டது. இங்கே அது அக்டோபர் 5.

இதில் பாதியைத்தான் அன்றைக்குக் குடோனில் சொல்ல முடிந்தது. பொரி தீர்ந்துவிட்டது. குடோன்காரர் கேட்டுக்கொண்டார், குரோதி வருஷம் திரும்ப எப்போது வரும் என்றும் விசாரித்தார். 2024 ஏப்ரலில் என்றேன். "பக்கத்துல வந்துருச்சுங்" என்றார். பிறகு தாளைக் கிழிக்காமல் மேலே தூக்கி, அடுத்த நாளைப் பார்த்தார். விஜயதசமி, புதன்கிழமை. ராகு காலம் 12 முதல் 1.30.

"பன்னெண்டுக்கு முந்தியே ரெண்டு தறிக்குப் பாவு ஏத்தீரலாமுங்" என்று பேனாவைத் தேடினார்.