அதிவேகப் படகோட்டத்தில் தலைக்கவசம்

அதிவேகப் படகோட்டத்துக்குரிய தலைக்கவசம் என்பது, இயந்திர வலுவால் விரைந்தோடும் சிறிய திறந்த படகுகளில் செல்வோர் நீருள் தூக்கியெறியப்படும்போதோ படகின் பகுதிகளில் மோதும்போதோ தலையில் ஏற்படும் காயத்தைக் குறைப்பதற்காக அணியும் காப்பாகும். வேகம் குறைந்த நிலையில் நீரை விலக்கிக்கொண்டு செல்லும் படகு, ஒரு வேக எல்லையைத் தாண்டியதும் அணியம் உயர்ந்து நீரின் மேற்பரப்பிலேயே வழுக்கத் தொடங்குகின்றது; வழுக்கோட்டம் எனப்படும் இந்நிலையில்தான் தலைக்கவசம் வேண்டுமா என்ற வினா பொருளுடையதாகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்த கடலில் இவ்வினாவுக்குரிய விடை, படகின் வகை, நீரின் ஆழம், கவசத்தின் அமைப்பு ஆகிய மூன்றையும் சேர்த்தே காணப்படவேண்டியது.

குடாநாட்டின் கடல் ஒரே தன்மையுடையதன்று. உள்ளே பரவைக்கடல் எனப்படும் கடனீரேரியின் பெரும்பகுதியில் ஆழம் இரண்டு மூன்று மீற்றருக்கு மேற்படுவதில்லை என்பதோடு, தடிகளை நட்டு வலை பிணைத்த களங்கண்டிகள் அங்கே ஓடுவழிகளை ஒட்டியே நிற்பதும் வழக்கம். வடக்கே காங்கேசன்துறை முதல் பருத்தித்துறை வரையான கரையை ஒட்டி முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பார்களாகக் கிடக்கின்றன. மேற்கே தீவுகளுக்கு இடைப்பட்ட கடலில், குறிப்பாகக் குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில், சோளகக் காற்று வீசும் மாதங்களில் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்து எழும் அலைகள் சிறிய படகைத் தூக்கித் தூக்கி அறைகின்றன. ஆழ்கடலில் படகிலிருந்து எறியப்படுபவர் மோதுவது நீரில் மட்டுமே. பரவைக்கடலிலும் பார்களின் மேலும் எறியப்படுபவர் அடுத்த நொடியில் தரையிலோ கல்லிலோ நட்ட தடியிலோ மோதக்கூடும். தலைக்கவசத்துக்குச் சார்பாக இப்பிரதேசத்தில் கூறத்தக்க வலுவான காரணம் இதுவே.

பாயும் துடுப்பும் கொண்டு ஓடிய மர வள்ளங்களில் இப்பிரச்சினை எழவில்லை. வெளியிணைப்பு இயந்திரம், அதாவது படகின் பின்புறப் பலகையில் கொளுவிக் கழற்றக்கூடிய எஞ்சின், பரவலானதும், அதனோடு இலேசான கண்ணாடியிழைப் படகு வந்து சேர்ந்ததுமே வேகத்தைக் கொண்டுவந்தன. 1956இல் நோர்வேக்குச் சென்று கடற்றொழில் கற்ற அன்ரனி இராஜேந்திரத்தின் முயற்சியால், நோர்வே மக்களின் உதவியுடன் 1960களின் பிற்பகுதியில் உருவான சீநோர் நிறுவனம் காரைநகரில் நடத்திய படகுத்தளம் இம்மாற்றத்தில் குறிப்பிடத்தக்க இடம்பெறுவது. இன்று குடாநாட்டின் கரைகளில் பெரும்பான்மையாகக் காணப்படும் கண்ணாடியிழைப் படகு ஏறத்தாழ ஆறு முதல் ஏழு மீற்றர் நீளமும், 8 முதல் 40 குதிரைவலு வரையான எஞ்சினும் கொண்டது. வலையும் பனிக்கட்டியும் மீனும் ஏற்றியபோது அடங்கி ஓடும் அதே படகு, வெறுமையாகத் திரும்பும்போது வலுக்கூடிய எஞ்சினாயின் மணிக்கு 20 கடல்மைலை, அதாவது 37 கிலோமீற்றரை, எட்டக்கூடியது. அதில் இருக்கைப் பட்டியும் இல்லை, பிடிப்பதற்கு உரிய கம்பியும் பெரும்பாலும் இல்லை. எஞ்சினைப் பிடித்திருப்பவர் பின்னணியத்தின் விளிம்பிலேயே அமர்ந்திருக்கின்றார்.

மிகக் கூடிய வேகங்களை இக்கடல் கண்டது போர்க்காலத்திலேயாகும். 1980களின் நடுப்பகுதியில் இலங்கைக் கடற்படை இஸ்ரேலிடமிருந்து பெற்ற டோரா வகைப் படகுகளும், அவற்றுக்கு எதிராக விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகள் பல எஞ்சின்களைப் பூட்டி ஓட்டிய சிறிய கண்ணாடியிழைப் படகுகளும் இக்கடலை அதிவேகப் படகுகளின் போர்க்களமாக்கின. போர்வீரர் அணியும் தலைக்கவசம் எறிகணைச் சிதறலைத் தடுப்பதற்காக அமைந்ததேயன்றி, நீரில் மோதுவதைத் தாங்குவதற்காக அன்று. படகு அலையின் மேலிருந்து விழும் ஒவ்வொரு முறையும் கவசத்தின் எடை கழுத்தை அழுத்துவதால், பாரமான கவசம் நெடுநேர ஓட்டத்தில் தானே நோவுக்குக் காரணமாகின்றது. கடலுக்குரிய கவசம் எடை குறைந்ததாக இருக்கவேண்டும் என்ற விதி இதிலிருந்தே பிறக்கின்றது.

மணிக்கு 30 கடல்மைல் வேகத்தில் ஓடும் படகிலிருந்து எறியப்படும் உடல், ஏறத்தாழ 12 மீற்றர் உயரமுள்ள தென்னையின் வட்டிலிருந்து விழுபவர் நிலத்தை அடையும் வேகத்தோடு நீரைத் தொடுகின்றது. நீர் விலகிக் கொடுப்பதால் தாக்கம் நிலத்தில் விழுவதைவிடக் குறைவெனினும், உடல் எந்தக் கோணத்தில் நீரைச் சந்திக்கின்றது என்பதைப் பொறுத்துக் கழுத்தும் விலா எலும்பும் முறியக்கூடும். ஆயினும் உயிரிழப்புக்கு வழிவகுப்பது பெரும்பாலும் இத்தகைய பெருங்காயம் அன்று. தரையில் சில நிமிட மயக்கத்தோடு தீர்ந்துபோகக்கூடிய சிறிய தலையடி, நீரில் மூழ்குவதற்குப் போதுமானது. சுயநினைவிழந்தவர் முகங்குப்புற மிதப்பார், அவரை அடையும்வரை மூச்சைக் காப்பதற்கு வேறு எதுவும் இல்லை. ஆகவே கடலில் தலைக்கவசத்தின் முதன்மையான பயன் மண்டையோடு உடையாமல் காப்பதிலும் பார்க்க, நினைவு தப்பாமல் காப்பதிலேயே தங்கியுள்ளது எனலாம்.

தலைக்கவசத்துக்கு எதிராக எழுப்பப்படும் ஆட்சேபமும் அற்பமானதன்று. கீழ்விளிம்பு அகன்ற கவசம் வேகத்தோடு நீருள் நுழையும்போது நீரை உள்ளே அள்ளுகின்றது. மணிக்கு 30 கடல்மைலில் எதிர்ப்படும் நீரின் அழுத்தம் சதுர சென்ரிமீற்றருக்கு 1.2 கிலோகிராம் அளவினது. 10 கடல்மைலில் அதன் ஒன்பதில் ஒரு பங்கே. அள்ளப்பட்ட நீர் கவசத்தைப் பின்னோக்கி இழுக்க, நாடிப்பட்டி கழுத்தையும் சேர்த்து இழுக்கின்றது. குடாநாட்டில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மோட்டார் சைக்கிள் இங்கு பரவலானது. தலைக்கவசம் என்றதும் கைக்கு வருவது முகம் முழுவதையும் மூடும் அந்தக் கவசமே. அது கடலுக்கு ஏற்றதன்று. ரெஜிபோம் என வழங்கும் பொலிஸ்ரைரீன் நுரையாலான அதன் உட்பகுதி ஒரே அடியில் நசுங்கித் தாக்கத்தை உள்வாங்குவதற்கென அமைந்தது; படகில் அடுத்தடுத்துப் படும் அடிகளுக்கு உதவாது. துணிப்பஞ்சு நீரை உறிஞ்சிப் பாரமாகும். மூடிய காதுகளுக்கு எஞ்சின் ஒலி மாறுவதும் அணியத்தில் நிற்பவர் கூப்பிடுவதும் கேளா. சாலைக்கு வாங்கிய கவசத்தைப் படகில் அணிவதிலும் பார்க்க அணியாதிருத்தலே மேல் என்று கூறுவது மிகையாகாது.

கடலுக்கெனச் செய்யப்படும் கவசம் இவற்றிலிருந்து வேறுபட்டது: விளிம்பு தலையோடு ஒட்டியிருக்கும், காதுப்பகுதியில் நீர் வடியவும் ஒலி புகவும் துளைகள் இருக்கும், உள்ளே நீரை உறிஞ்சாத, அழுங்கி மீளும் மூடிய கண்ணறை நுரை வைக்கப்பட்டிருக்கும். பிரித்தானிய நியம நிறுவனம் 2002இல் இத்தகைய கவசங்களுக்கென பாஸ் 028 என்னும் விவரக்கூற்றை வெளியிட்டது. அந்நாட்டின் உயிர்மீட்புப் படகு நிறுவனத்தார் தம் சிறிய கரையோரப் படகுகளில் கடற்கவசம் அணிந்தே செல்கின்றனர். ஐரோப்பிய நியமமான இஎன் 1385 துடுப்புப் படகுக்கும் வெள்ளாற்று விளையாட்டுக்கும் உரியது; அம்முத்திரை பெற்ற கவசம் கடையில் எளிதில் கிடைப்பினும், அதன் சோதனைகள் குறைந்த வேகத் தாக்கங்களையே கருத்திற் கொண்டவை என்பதை வாங்குவோர் அறிந்திருத்தல் வேண்டும்.

படகோட்டப் பந்தயங்களில் இவ்விவாதம் முடிந்துபோனது. 1922இல் தோன்றிய சர்வதேச விசைப்படகோட்ட ஒன்றியத்தின் போட்டிகளில் கவசம் கட்டாயம். அங்கும் கவசம் மட்டும் போதாதென்பதை 1990 ஒக்டோபர் 3ஆம் நாள் மொனாக்கோவுக்கு அப்பால் திறந்த இருக்கைப் படகு கவிழ்ந்து பந்தய வீரர் ஸ்தெபானோ கசிராகி உயிரிழந்த நிகழ்வு உணர்த்தியது. அதன்பின் மூடிய அறையும் உடற்பட்டியும் பெரும் பந்தயப் படகுகளில் இடம்பிடித்தன. கடற்றொழிற் படகுக்கு இவை பொருந்தா.

பொருந்துபவை வேறு இரண்டு. ஒன்று உயிர்காப்பு அங்கி. அமெரிக்கக் கரையோரக் காவற்படை ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறப்போருள் ஏறத்தாழ நான்கில் மூவர் நீரில் மூழ்கியே இறக்கின்றனர், அவர்களுள் பெரும்பாலோர் அங்கி அணியாதவர். மற்றொன்று எஞ்சினை நிறுத்தும் கயிறு. சுருள் வடிவான இச்சிறு கயிற்றின் ஒரு முனை ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ காலிலோ மாட்டப்பட, மறுமுனை எஞ்சினிலுள்ள ஆளியைப் பிடித்திருக்கும். ஓட்டுபவர் விழுந்தால் ஆளி விடுபட்டு எஞ்சின் நின்றுவிடும். கயிறு மாட்டாத படகு ஆளின்றி வட்டமிட்டு, விழுந்தவரை நோக்கியே சுழலும் விசிறியோடு திரும்பி வரக்கூடியது. எந்தத் தலைக்கவசமும் இதிலிருந்து காக்காது. அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல் 26 அடிக்குக் குறைந்த படகுகளை வழுக்கோட்டத்தில் செலுத்துவோர் இவ்வமைப்பைப் பயன்படுத்துவது சட்டமாயிற்று. புதிய எஞ்சினோடு வரும் இக்கயிறு மிக மலிவான பொருள்; அதை எஞ்சினிலேயே நிரந்தரமாகக் கட்டிவைத்து ஓட்டுவது, வாங்கிய பாதுகாப்பை வீணாக்குவதாகும்.

அலையில் அறைந்து விழும் படகில் அணியத்தில் அமர்ந்திருப்போருக்கு நேரும் முள்ளந்தண்டு முறிவும் கவசத்துக்கு அப்பாற்பட்டது. நீளவாட்டில் நடுப்பகுதிக்குப் பின்னே அமர்வதும், முழங்காலை மடக்கி அதிர்வைக் கால்களில் வாங்குவதும், அனைத்துக்கும் மேலாக எஞ்சினைத் தணிப்பதுமே அதற்குரிய காப்புகள்.

எனவே குடாநாட்டில் கடற்கவசத்துக்கு உரியவர்கள் யாவரெனத் தெளிவாகவே வரையறுக்கலாம்: 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட கரையோரக் காவல் திணைக்களத்தினர் போன்று மீட்பிலும் சுற்றுக்காவலிலும் ஈடுபடுவோர், காரைநகர் கசூரினா போன்ற ஆழமற்ற கடற்கரைகளில் நீர்ச்சறுக்கு ஊர்தி செலுத்துவோர், பார்களுக்கு ஊடாக வெறும் படகை விரைந்தோட்டும் கடற்றொழிலாளர். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு அடியார்களை ஏற்றிச் செல்லும் பயணிகள் படகு இவ்வகையுள் அடங்காது. அதன் வேகம் குறைவு. மேற்தட்டின் கீழ் பலகைகளில் நெருங்கி அமர்ந்திருப்போர், படகு கவிழுமாயின் குறுகிய படிவழியால் வெளியேற வேண்டியவர்கள். அவர்களுக்கு வேண்டியன ஏறும்போதே கையில் தரப்படும் அங்கியும், ஆட்தொகைக்கு விதித்த எல்லையை மீறாமையும், தடையற்ற வாயிலுமே. மீட்புப் படகில் நிற்பவருக்குரிய கவசமோ உப்பிலும் வெயிலிலும் விரைவில் நலிவது. ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னும் நன்னீரால் கழுவி, எஞ்சின் எண்ணெயும் பெற்றோலும் படாத நிழலில் உலர்த்தி, ஓட்டில் வெடிப்போ நாடிப்பட்டியில் நைவோ கண்ட அன்றே மாற்றப்படவேண்டும்.