தலைக்கு ஹெல்மெட், காலுக்கு பாட்டா

நீண்ட விடுமுறை வந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்கு பைக்கில் வெளிக்கிடுகிற கூட்டங்களை ஏ9 வீதியில் காணலாம். எல்லார் தலையிலும் ஹெல்மெட் இருக்கும், பின்னால் இருக்கிற ஆளுக்கும் சேர்த்து. கீழே பார்த்தால் பாட்டா. கொஞ்சம் கவனமான ஆக்கள் எண்டால் பின்பட்டி வைத்த செருப்பு, ஆகக்கூடினால் கன்வஸ் சப்பாத்து.

"எங்கட சனத்துக்கு அக்கறை இல்லை" என்று சொல்லி இதை முடித்துவிடலாம். எங்களுக்கு அந்த விடை போதவில்லை. அதே சனம்தானே ஹெல்மெட் போடுகிறது? பொலிஸ் மறிக்கும் என்ற பயத்தில் போட்டாலும், மறிக்கச் சொல்லி ஒரு சட்டம் எங்கேயோ தொடங்கித்தானே இருக்கவேண்டும். தலைக்கு வந்த சட்டம் ஏன் காலுக்கு வரவில்லை என்று தேடிப் போனதில் எழுதியதுதான் இது.

1935 மே 13. இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில், 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா' படத்தால் பலருக்கும் தெரிந்த ரி. ஈ. லோரன்ஸ் தன்னுடைய புரோ சுப்பீரியர் பைக்கில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்த இரண்டு பெடியளை விலத்தப் போய் விழுந்தார். தலையில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆறு நாள் கழித்து இறந்தார்; வயது 46. அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கெயான்ஸ், அவுஸ்திரேலியாவில் பிறந்த மூளை சத்திரசிகிச்சை நிபுணர். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. பைக்கில் செய்தி காவித் திரிந்த இராணுவத்தினர் எதிரியின் குண்டில்லாமல் வீதியிலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். கெயான்ஸ் அந்தத் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அதே வருடம் நவம்பரில் பிரித்தானிய இராணுவம் அந்த வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கு அங்கே அது சட்டமானது 1973இல்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கெயான்ஸின் வாதம் மரணங்களில் நின்றது. இத்தனை பேர் செத்தார்கள், தலை மூடியிருந்தால் இத்தனை பேர் தப்பியிருப்பார்கள் என்று ஓர் அரசுக்கு முன்னால் எண்ணிக்கை வைக்கலாம். பாதம் நசுங்கி யாரும் இலேசில் சாவதில்லை. அதனால் காலுக்கு அப்படி ஒரு கணக்கு எழுதப்படவில்லை, எழுதச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

கணக்கு இல்லாவிட்டாலும் பூட்ஸ் இருந்தது. அது குதிரையிலிருந்து இறங்கி வந்தது. முதல் தலைமுறை பைக்காரர் போட்டதெல்லாம் குதிரைக்காரரின் உடுப்புத்தான்: தொடையில் அகன்று முழங்காலுக்குக் கீழே ஒட்டுகிற காற்சட்டை, முழங்கால் வரைக்கும் தோல் பூட்ஸ், இல்லாட்டி கணுக்காலிலிருந்து மேலே சுற்றிக் கட்டுகிற நீளத் துணி. அந்தத் துணியை ஆங்கிலேயர் 'பட்டீ' என்றார்கள். இந்தியாவில் எடுத்த சொல், ஹிந்தியின் பட்டி. எங்கட 'பட்டி'யும் இதுவும் ஒரே குடும்பமாக இருக்கலாம் என்று மொழியியல் படிக்கிற நண்பர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

இந்த உடுப்பை ஆர் போடலாம் என்பதும் ஒரு பிரச்சினையாக இருந்தது. 1916 யூலையில் அகஸ்டா, அட்லைன் வான் பியூரன் என்ற இரண்டு சகோதரிகள் நியூயோர்க்கின் புரூக்ளினில் ஆளுக்கொரு 'இந்தியன்' பைக்கில் ஏறி அமெரிக்காவைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார்கள். அமெரிக்கா உலகப் போருக்குள் இறங்குமா என்ற பேச்சு நடந்த காலம். பெண்களும் பைக்கில் செய்தி காவலாம், அந்த வேலைக்கு எடுக்கப்படும் ஆண்கள் போர்முனைக்குப் போகலாம் என்று காட்டுவதுதான் நோக்கம். தோல் காற்சட்டையும் பூட்ஸுமாகப் போனார்கள். வழியில் சின்ன ஊர்களில் பொலிஸ் பிடித்தது. வேகத்துக்காக இல்லை, ஆம்பிளை உடுப்புப் போட்டதற்காக. விட்டபிறகு திரும்ப ஏறினார்கள். கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உயரமான பைக்ஸ் பீக் மலையில் பைக்கோடு ஏறிய முதல் பெண்கள் அவர்கள்தான். செப்டெம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். இராணுவம் அட்லைனின் விண்ணப்பத்தை ஏற்கவில்லை. சேறும் கல்லுமான பாதையில் பாவாடையும் மெல்லிய சப்பாத்துமாகப் போயிருந்தால் பொலிஸுக்குப் பிரச்சினை இருந்திருக்காது, கால்தான் மிஞ்சியிருக்காது. இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிற அக்காமார் சீலைக்குப் பொருந்துகிற செருப்போடு போகவேண்டியிருப்பதை இந்தக் கதையிலிருந்து பிரித்துப் பார்க்க எங்களால் முடியவில்லை.

அந்தக் காலத்து பைக்குகளில் கியரை பெரும்பாலும் கையால்தான் மாற்றினார்கள், எண்ணெய்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல். 1920களின் கடைசியில் வெலோசெட் கம்பனி தன்னுடைய ரேஸ் பைக்குகளில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கியர் மாறுகிற கால் முறையைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அதோடு சப்பாத்து ஒரு வேலைக் கருவியாகிவிட்டது. விரல் பகுதி கியர் லிவருக்குக் கீழே போய்வர வேண்டும். மேல்தோல் தேயாமல் இருக்க அந்த இடத்தில் இன்னொரு தோல் தைக்கவேண்டும். இப்பவும் நல்ல பைக் பூட்ஸில் அந்த மேலதிகத் தோலைப் பார்க்கலாம். நீளமான லேஸ் ஆபத்தாகிவிட்டதும் இதனால்தான். லிவரில் மாட்டினால் வீதியில் கால் ஊன்ற முடியாது.

போர் முடிந்தபிறகு இங்கிலாந்துப் பெடியள் விமானப்படை கழித்துவிட்ட ஆட்டுத்தோல் பூட்ஸைப் போட்டு ஓடினார்கள். மலிவு, குளிருக்கும் நல்லது. ஆனால் கணுக்காலை ஒன்றும் பிடிக்காது.

மாற்றம் வந்தது நாங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. வட இத்தாலியில் மொன்டெபெல்லூனா என்று ஒரு சிறு நகரம். அதைச் சுற்றிய ஊர்கள் பரம்பரையாகச் சப்பாத்துத் தைக்கிற ஊர்கள். மலையேறிகளுக்கும் பிறகு பனிச்சறுக்கு வீரருக்கும் தைத்தவை. அங்கே மசெர் என்ற ஊரில் டினோ சின்யோரி 1960இல் சிடி நிறுவனத்தையும், பக்கத்து அசோலோவில் சான்டே மட்சரோலோ 1963இல் அல்பைன்ஸ்டார்ஸ் நிறுவனத்தையும் தொடங்கினார்கள். மலையில் பூக்கும் எடெல்வைஸ் பூவுக்கு இத்தாலியில் 'ஸ்டெல்லா அல்பினா' என்று பெயர், அதன் ஆங்கில மாற்றம்தான் அல்பைன்ஸ்டார்ஸ். ஐரோப்பாவில் மோட்டோகுரோஸ் என்ற காட்டுப்பாதைப் பந்தயம் சூடு பிடித்த நேரம் அது. பந்தயக்காரரின் கால் கல்லிலும் மரக்கட்டையிலும் அடிபட்டு முறிந்துகொண்டிருந்தது. பனிச்சறுக்கில் கால் திருகாமல் பிடிக்கத் தெரிந்த சப்பாத்துக்காரர் அந்த அறிவை இங்கே கொண்டுவந்தார்கள்: லேஸுக்குப் பதிலாகக் கொக்கிப் பூட்டு, முழங்காலுக்குக் கீழ் எலும்புக்கு முன்னால் தகடு, விறைப்பான அடி. 500 சிசி உலகப் பட்டத்தை ஐந்து தடவை வென்ற பெல்ஜியக்காரர் ரொஜர் டி கொஸ்டர் அல்பைன்ஸ்டார்ஸைப் போட்டு ஓடினார். பிறகு விளம்பரமே தேவைப்படவில்லை.

இன்றைய நெடும்பயண பூட்ஸ் இந்த இரண்டு வம்சமும் கலந்த பிள்ளை. குதிரைக்காரரின் பூட்ஸ் நடக்க இலேசு, அடி தாங்காது. பந்தயக்காரரின் பூட்ஸ் அடி தாங்கும், அதோடு தேத்தண்ணிக் கடைக்குள் நடந்து போனால் ரோபோ மாதிரி இருக்கும். பாதுகாப்புக்கும் சுகத்துக்கும் இடையிலான இழுபறி அங்கேயே தொடங்கிவிட்டது.

இதற்கிடையில் 1981இல் அமெரிக்காவில் ஹரி ஹேர்ட்டின் அறிக்கை வெளிவந்தது. அவருடைய குழு லொஸ் ஏஞ்சல்ஸில் ஏறத்தாழ 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. காலைப் பற்றி அதில் இரண்டு விசயம். ஒன்று, பைக்கில் பூட்டுகிற க்ராஷ் பார். அது பாதத்தையும் கணுக்காலையும் கொஞ்சம் காப்பாற்றுகிறது, ஆனால் அதே அளவுக்குத் தொடையிலும் முழங்காலிலும் காயத்தைக் கூட்டிவிடுகிறது. கம்பியை நம்பிச் செருப்போடு போகிறவர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கலாம். மற்றது, தடித்த பூட்ஸும் ஜக்கெட்டும் கையுறையும் தோல் உரசலையும் கிழிவையும் நன்றாகக் குறைக்கின்றன, ஆனால் அவை அடிக்கடி வருகிற, கடுமையாவது அரிதான காயங்கள் என்றது அறிக்கை.

எங்கள் சண்டை அந்தக் 'கடுமை'யோடுதான். விபத்து ஆய்வுகளில் பாவிக்கிற காய அளவுகோல் முக்கியமாக உயிராபத்தை வைத்துப் படி போடுகிறது. கணுக்கால் முறிவு அதில் கீழ்ப்படியில் நிற்கும். ஒரு மேசன் ஆறு மாதம் சாரத்தில் ஏற முடியாமல் போவதற்கு அந்த அளவுகோலில் இடமில்லை. நாள் முழுக்க நின்று படிப்பிக்கிற ரீச்சருக்கும் இடமில்லை. விழுந்த பைக்குக்குக் கீழே பாதம் மாட்டியவர் சாவதில்லை, ஆனால் நாட்கூலிக்குப் போகிற வீட்டில் அது என்ன செய்யும் என்று எங்களுக்குப் புள்ளிவிபரம் தேவையில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்தால் காணும்.

ஐரோப்பாவில் பைக் பூட்ஸுக்கான தரம் 2002இல்தான் வந்தது, எண் 13634. 2017இல் திருத்தினார்கள். இப்போதைய பூட்ஸின் உள் லேபிளில் பைக்காரர் படமும் நான்கு இலக்கங்களும் இருக்கும். ஒவ்வொன்றும் 1 அல்லது 2. முதலாவது உயரம். இரண்டாவது தார் வீதியில் இழுபடும்போது எவ்வளவு தாங்கும். மூன்றாவது வெட்டு. நாலாவதுதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது: பக்கவாட்டில் அமுக்கினால் அடி எவ்வளவு விறைப்பாக நிற்கிறது, அதாவது பைக் காலுக்கு மேல் விழுந்தால் பாதம் நசுங்குமா என்பது. படமும் இலக்கமும் இல்லாமல் "பைக் பூட்ஸ்" என்று விற்றால் அது வடிவுக்கு மட்டும்தான்.

ஆனால் அந்தத் தரம் எங்கட வெயிலை மனதில் வைத்து எழுதப்பட்டதில்லை. கடைக்காரர் முதலில் காட்டுவது தண்ணி போகாத சவ்வு வைத்த பூட்ஸ். உள்ளே ஈரம் கூடவும் வெளியே காற்று உலர்ந்தும் இருக்கும்போதுதான் அந்தச் சவ்வு வியர்வை ஆவியை நன்றாக வெளியே விடும். வவுனியா வெயிலிலும் மழைக்கு முந்திய புழுக்கத்திலும் அது பாதி வேலைதான் செய்யும், கால் உள்ளேயே அவியும். பின்னேரம் நுவரெலியாக் குளிர் மழையில் அதே பூட்ஸ் சொர்க்கம். ஒரே நாளில் இரண்டு நாட்டுக் காலநிலை எங்களுக்கு. எங்கள் தெரிவு, சவ்வில்லாத தோல் பூட்ஸும் மேலே மாட்டுகிற மழை உறையும். சவ்வுள்ளதுதான் வேண்டுமெண்டால் மழைக் காற்சட்டையை பூட்ஸுக்கு வெளியே விடுங்கோ. உள்ளே விட்டால் காலோடு வழிகிற தண்ணி உள்ளே போய்த் தேங்கும், பிறகு வெளியே வராது.

விலைதான் பெரிய மதில். அந்த இத்தாலிப் பூட்ஸ் ஒரு சோடியின் விலைக்கு இங்கே பழைய பைக்கையே ஓரளவு திருத்தி எடுக்கலாம். அதனால் 2011இல் வெளிவந்த ஓர் அவுஸ்திரேலிய ஆய்வை எல்லாருக்கும் சொல்ல விரும்புகிறோம். கன்பரா பக்கம் விபத்துக்குள்ளான 212 பேரைப் பார்த்ததில், பைக்குக்கென்று செய்த பூட்ஸ் கால் காயத்தைக் குறைத்தது எதிர்பார்த்ததுதான். பைக்குக்கென்று செய்யாத சாதாரண பூட்ஸும், சப்பாத்தோடு ஒப்பிடும்போது, ஏறக்குறைய அதேயளவு குறைத்தது. சின்ன ஆய்வு, நசுங்குவதற்கு எதிரான விறைப்பை இதை வைத்து அளக்க முடியாது. ஆனாலும் கணுக்காலை மூடுகிற, அடி தடித்த, தோலால் செய்த வேலைத்தள பூட்ஸ் பாட்டாவை விட எவ்வளவோ மேல். விரலுக்கு இரும்புத் தொப்பி வைத்ததெண்டால் மூக்கு தடிப்பாக இருக்கும், கியர் லிவரைக் கொஞ்சம் உயர்த்திப் பூட்டவேண்டி வரும். லேஸை உள்ளே செருகிவிடவேண்டும். சைலன்சர் சூட்டுத் தழும்பு காலில் இல்லாத யாழ்ப்பாணத்தாரைத் தேடிப் பிடிக்கவேண்டும். அந்தச் சூட்டுக்கும் இந்தத் தோல் காணும்.

வீட்டில் இன்னொரு தடையும் இருக்கு. அம்மா அப்பாவின் தலைமுறைக்குப் பூட்ஸ் சத்தம் என்றால் படலைக்கு வெளியே கேட்ட வேறு காலடிகள். கறுப்புத் தோல் பூட்ஸ் ஒரு சோடி வாசலில் கிடப்பதை அவர்கள் விரும்பாவிட்டால் வாதாடாதீர்கள். மண்ணிறத்தில் வாங்குங்கோ.

கடைக்குப் பின்னேரம் போங்கோ, நடந்து நின்று கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நெடும்பயணத்தில் நாலாவது மணித்தியாலத்தில் இருக்கிற கால் அதுதான். தடித்த சொக்ஸோடு இரண்டு காலிலும் போடுங்கோ, ஒரு காலில் போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். பூட்ஸை இறுக்கிப் பூட்டியபடி குதிக்காலை இழுத்துப் பாருங்கோ, கழன்று வந்தால் விபத்திலும் கழன்று வரும். அடியை இரண்டு பக்கமும் கையால் அமுக்குங்கோ, இலேசாக மடிந்தால் திருப்பிக் கொடுங்கோ. கடைசியாக வெளியே போய் பைக்கில் இருந்து, ஓடாமலே முதலாம் கியரிலிருந்து நாலு வரை இரண்டு தரம் மாற்றிப் பாருங்கோ. கடைக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.